பவுண்டரியில் ஒன்பது மாதம்: காலரில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு கருவி

கோவையில் எங்கள் பவுண்டரியில் (இரும்பு வார்ப்பாலையில்), இரும்பை உருக்கக் கோக் என்னும் நிலக்கரி எரிபொருளை எரிக்கும் குப்போலா உலையின் மேல்மேடையிலிருந்து இரும்பும் கோக்கும் கொட்டுபவர்களுக்காக, சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு கருவிகள் நான்கை வாங்கி ஒன்பது மாதங்கள் ஆகின்றன. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆகவே மூக்கை நம்பி அந்த மேடையில் ஆளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

முதல் வாரத்திலேயே பயன் தெரிந்தது. காற்று திரும்பி உலைப்புகை மேடைப் பக்கம் சாய்ந்த ஒரு பிற்பகலில், திரையில் 18 என்றிருந்த எண் மளமளவென ஏறி, 35 பிபிஎம்மை (காற்றின் பத்து லட்சம் பங்கில் 35 பங்கு) தொட்டதும் கருவி அதிர்ந்து சிவப்பு விளக்குடன் அலறியது. ஆள் கீழே இறங்குவதற்குள் 64 ஆகிவிட்டது. "வெயிலுக்குத் தலை வலிக்குதுன்னு நெனச்சனுங்க" என்றார் அவர். இத்தனை கோடைகளாக அந்த வலியை நாங்களும் வெயிலின் கணக்கில்தான் எழுதி வந்திருக்கிறோம் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்திருந்த வரம்பு 50 பிபிஎம். அதற்கு முன்பே எச்சரிப்பது இக்கருவியின் பெரிய பலம்.

குறைகளும் உண்டு. உலைக்குக் காற்றூதும் புளோயர் ஓடும்போது அலாரம் காதில் விழுவதில்லை. அதிர்வுதான் கைகொடுக்கிறது, அதுவும் தோல் ஏப்ரனுக்கு மேல் மாட்டினால் உறைப்பதில்லை. வார்ப்பு அச்சு செய்யும் மோல்டிங் மணலின் தூசி சென்சாரின் வாயை அடைத்துக்கொள்கிறது. பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் அறையில் வெளிவரும் ஹைட்ரஜனையும் சென்சார் கார்பன் மோனாக்சைடாகக் காட்டிவிடுகிறது. ஒருமுறை இயக்கினால் இரண்டு ஆண்டுகளில் ஆயுள் முடிந்துவிடும் வகை என்பதால், உபரியாக வாங்குபவர்கள் அதைத் தேவைப்படும் நாள் வரை இயக்காமல் வைத்திருப்பது நல்லது.

விற்றவர் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எனக்குப் பெரும் மனத்தாங்கல். கருவி தானே செய்துகொள்ளும் சோதனை பேட்டரியையும் மின்சுற்றையும் பார்க்குமே தவிர, தூசி அடைத்த சென்சாருக்குள் வாயு நுழைகிறதா என்பதைக் காட்டாது. அதை அறிய, அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி அலாரம் ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான சிலிண்டரைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. வாங்கிய அன்றே நான்கில் ஒன்று ஊமையாக இருந்தது தெரிந்தது. அதன் வடிகட்டியை மாற்றிய பிறகே அலாரம் ஒலித்தது. இப்போது ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன் நான்கையும் சிலிண்டரில் வைத்துப் பார்த்த பிறகே மேடைக்கு ஆளை ஏற்றுகிறோம்.