மார்ஷலும் பவலும்: சீருடைக்குப் பின் வெளியுறவுத் துறை

அமெரிக்க ராணுவத்தின் உச்சப் பதவியை வகித்துவிட்டு அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரானவர்களில் ஜார்ஜ் மார்ஷலும் கொலின் பவலும் ஒப்பிடத்தக்கவர்கள்.

1939 முதல் 1945 வரை தரைப்படைத் தலைவராக இருந்த மார்ஷல், 1947 ஜனவரியில் அமைச்சரானபோது அரசியலுக்குப் புதியவர். ஆனாலும் அதே ஆண்டு ஜூன் 5 அன்று ஹார்வர்டில் அவர் முன்வைத்த ஐரோப்பிய மறுசீரமைப்பு யோசனை, சுமார் 1,300 கோடி டாலர் உதவித் திட்டமாக வளர்ந்து, 1953இல் அவருக்கு அமைதி நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. 1950இல் அவரைப் பாதுகாப்பு அமைச்சராக்க, சீருடையைக் களைந்து பத்தாண்டுகள் கழிந்திருக்க வேண்டும் என்ற சட்டத்திலிருந்தே நாடாளுமன்றம் விலக்களிக்க நேர்ந்தது.

பவலோ சீருடையில் இருந்தபடியே 1987இல் அதிபர் ரீகனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகி, வெள்ளை மாளிகையின் நெளிவுசுளிவுகளை முன்பே அறிந்தவர். அந்த அனுபவம் அவருக்குக் கைகொடுத்ததா என்பது ஐயமே.

அதிபருடன் கருத்து வேறுபட்டபோதுதான் இருவரின் தடங்களும் பிரிகின்றன. 1948இல் இஸ்ரேலை அங்கீகரிப்பதைக் கடுமையாக எதிர்த்த மார்ஷல், அதிபர் ட்ரூமன் முடிவெடுத்த பின் வெளிப்படையாக எதிர்க்காமல் விலகி நின்றார். அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வெளியுறவு அமைச்சராக ஈராக் போர் குறித்துத் தயங்கிய பவல், 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அதற்காக வாதாடவே செய்தார். அந்த உரை தம் பெயரில் படிந்த கறை என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.