பாம்பன் மாலை வகுப்பில் அளவை மாற்றம்: ஒரு தாயின் மதிப்பீடு

பாம்பனில் தென்கடல் பக்கமுள்ள தெரு ஒன்றில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் தம் வீட்டு முன்கூடத்தில் மாலை 6 மணி முதல் 7.30 வரை நடத்தும் கணக்கு வகுப்புக்கு என் மகள் ஐந்து மாதங்களாகச் சென்று வருகிறாள். ஆறாம் வகுப்பில் அளவைகள் பாடம் அவளுக்குப் பிடிபடாமல் போனதால்தான் அங்கே சேர்த்தேன். ஆகவே அந்த ஒரு பாடத்தை அங்கே எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன் அவள் நிலை இதுதான். கிலோ, ஹெக்டோ, டெகா, மீட்டர், டெசி, சென்டி, மில்லி என்ற படிவரிசையை ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். ஆனால் புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் ஒவ்வொரு முறையும் குழம்புவாள். தினமும் பள்ளிக்கு நடந்து போகும் 1.5 கிலோமீட்டரை மீட்டராக மாற்றச் சொன்னபோது 0.0015 என்று எழுதிவிட்டு, ஒரு அரிசியின் நீளம்கூட வராத தூரத்தை எழுதியிருக்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். மண்டபம் ஊரில் மீன் கொள்முதல் நிலையம் ஒன்றில் கணக்கு எழுதுகிற எனக்கு, கிலோவையும் லிட்டரையும் பிழையில்லாமல் எழுதுவது அன்றாடப் பிழைப்பு. அவளுடைய தவறு எனக்குப் பெரும் கவலையைத் தந்தது.

இந்த வகுப்பில் முதல் இரண்டு வாரம் அளவை மாற்றமே கிடையாது. பிள்ளைகள் தங்கள் சாணையும் முழத்தையும் நாடாவால் அளந்து குறித்துக்கொள்கிறார்கள். பிறகு இரு கைகளையும் விரித்துப் பாகம் அளக்கிறார்கள். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாகம் புதிய சொல் அல்ல. அப்பா நங்கூரக் கயிற்றை விடும்போது எண்ணுவது பாகத்தில்தான். ஆளுக்கு ஆள் பாகம் மாறுவதை அவர்களே அளந்து பார்த்த பிறகு, ஒரு பாகத்தை 6 அடி, அதாவது 1.8288 மீட்டர் என்று நிலையாக வைத்துக்கொள்ள வேண்டிய தேவையை ஆசிரியை விளக்குகிறார். ஏழு பாகம் ஆழம் என்றால் 42 அடி, மீட்டரில் 12.8 என்று என் மகள் வீட்டில் தன் சித்தப்பாவுக்குச் சொன்ன நாளில், இந்த இரண்டு வாரத்தை வீண் என்று நினைத்த என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் வாரத்தில் தொடங்கும் முறைதான் இந்த வகுப்பின் உயிர். எந்த எண்ணையும் அளவையின் பெயர் இல்லாமல் எழுதக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. வானிலை எச்சரிக்கையில் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் என்று வந்தால், அதைக் கடலில் வேகத்தைச் சொல்லும் 'நாட்' (knot) என்ற அளவைக்கு மாற்றுவதற்கு, 1 கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதைப் பின்னமாக எழுதச் சொல்கிறார். மேலே கடல் மைல், கீழே கிலோமீட்டர். கொடுக்கப்பட்ட கிலோமீட்டரும் கீழேயுள்ள கிலோமீட்டரும் வெட்டுப்பட்டு, மணிக்கு இத்தனை கடல் மைல், அதாவது இத்தனை நாட் என்ற விடை நிற்கிறது. அந்த எச்சரிக்கையின்படி அது சுமார் 24 முதல் 30 நாட். பின்னத்தைத் தலைகீழாக எழுதிவிட்டால் கிலோமீட்டர் வெட்டுப்படாமல் இரண்டு முறை வந்து நிற்கும். எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பிள்ளைக்குத் தவறு தெரிந்துவிடுகிறது. பெருக்குவதா வகுப்பதா என்று இப்போது என் மகள் என்னிடம் கேட்பதில்லை.

பயிற்சிக் கணக்குகளை ஆசிரியை இந்த ஊரிலிருந்தே எடுக்கிறார். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் 6,776 அடி. அதை மீட்டராக மாற்றினால் 2,065-க்குச் சற்று மேல் வருகிறது. 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுவே செங்குத்தாகத் தூக்கப்படும் பகுதி 72.5 மீட்டர், அது சுமார் 238 அடி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படகின் ஜிபிஎஸ் கருவி காட்டும் எண்களையும் கொடுக்கிறார். இங்கே நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, நொடி என்பது நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு. அட்சரேகை 9 டிகிரி 17.50 நிமிடம் என்றால் 9 டிகிரி 17 நிமிடம் 30 நொடி. அதை 17 நிமிடம் 50 நொடி என்று படித்தால் 20 நொடி பிசகுகிறது, வடக்குத் தெற்காக அது ஏறத்தாழ 600 மீட்டர். வலை போட்ட இடத்தைத் திரும்பத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த 600 மீட்டர் எவ்வளவு பெரிய தூரம் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தோடு நிற்கும் வகுப்புகளில் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல என்பதையும் அழுத்தமாகச் சொல்லிக்கொடுக்கிறார். அதற்கு அவர் காட்டுவது, ஒரு லிட்டர் சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பரப்பளவுக்கும் கன அளவுக்கும் அங்கே ஒதுக்கியது ஒரே ஒரு மாலைதான். அது கொஞ்சமும் போதாது. எங்கள் குடும்பத்தில் 3 சென்ட் மனை ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தபோது, அதைச் சதுர மீட்டராக மாற்றச் சொன்னேன். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதிலிருந்து 1,306.8 சதுர அடி என்று சரியாகக் கண்டுபிடித்தவள், அதை 0.3048-ஆல் ஒரே ஒரு முறை பெருக்கி 398 சதுர மீட்டர் என்றாள். நீளத்துக்கு ஒரு முறை, அகலத்துக்கு ஒரு முறை என இரண்டு முறை பெருக்கியிருந்தால் சரியான விடையான 121.4 கிடைத்திருக்கும். இதை ஆசிரியையிடம் சொன்னபோது அவர் வருத்தப்படாமல் கேட்டுக்கொண்டார். மறுநாளே முற்றத்தில் ஒரு மீட்டர் சதுரத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதில் 10,000 சதுர சென்டிமீட்டர் அடங்குவதைப் பிள்ளைகளைக்கொண்டே கணக்கிடச் செய்தார். இருந்தாலும், 1.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 0.8 மீட்டர் உயரமுள்ள தொட்டியில் 960 லிட்டர் கொள்ளும், 15 லிட்டர்க் குடத்தால் 64 குடம் என்பது போன்ற கணக்குகளைக் குறைந்தது ஒரு வாரமாவது தொடர்ந்து செய்யவைக்க வேண்டும். குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் வீடுகளின் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவையான பாடம்.

மூன்று வகுப்புப் பிள்ளைகள் 22 பேர் ஒரே கூடத்தில் உட்காருவதால் கடைசி வரிசையில் இருப்பவர்களின் ஏட்டை எல்லா நாளும் பார்க்க முடிவதில்லை. அச்சிட்ட பயிற்சித் தாளும் இல்லை; கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வதிலேயே கால் மணி நேரம் போய்விடுகிறது.

கட்டணம் மாதம் 400 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், படகை நம்பியிருக்கும் வீடுகளிடம் ஆசிரியை பணம் கேட்பதில்லை. கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு கொடுத்தால் போதும் என்கிறார். இந்த வகுப்பை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாதியில் சேர்ந்தால் அந்த முதல் இரண்டு வாரத்தை இழந்துவிடுவார்கள் என்பதால், ஜூன் மாதத் தொடக்கத்திலேயே சேர்ப்பது நல்லது. முதல் நாள் பிள்ளையிடம் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் உள்ள தையல் நாடா ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். அங்கே இரவல் கொடுக்க இருப்பது இரண்டே நாடாக்கள்.