பெரிய நாயோடு காரில் போக எந்தத் தடுப்பு?

50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன் மீதாவது மோதினால், பின்னால் கட்டாமல் விட்டிருக்கும் 30 கிலோ லேப்ரடார், ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வரும் அதே வேகத்தோடு முன்னிருக்கையை நோக்கிப் பாயும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் இதைவிட வேகமாகவே ஓட்டுகிறோம். ஆகவே, தடுப்பு நாயை மறிக்கிறதா என்பதோடு நிற்காமல், மோதலின் விசையை அது எதன் மேல் இறக்குகிறது என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

முன்னிருக்கைகளுக்கு இடையே கொக்கியில் மாட்டும் வலை, விலையில் மலிவானது. நாய் டிரைவரின் தோள் மேல் ஏறாமல் அது தடுக்கும், மோதலைத் தாங்காது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய்வரும்போது கவனம் சிதறாமல் இருக்க உதவும் என்பதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

நாய் டிக்கியில் வருமானால், பின்னிருக்கைக்குப் பின்னால் தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்தும் கம்பித் தடுப்பு பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும். ஆனால் அதன் மேல்முனையில் உள்ள ரப்பர் பாதம் அழுந்துவது கூரையின் மெத்தென்ற உள்துணியில்தான். நம் ஊர் வேகத்தடைகளில் கார் குதிக்கக் குதிக்கப் பிடி தளர்ந்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் கம்பி சரிந்துவிடக்கூடும். பின்னிருக்கையின் ஹெட்ரெஸ்ட் தண்டுகளில் திருகி மாட்டும் வகை இதைவிட மேலானது, ஏனென்றால் விசை இருக்கையின் இரும்புச் சட்டத்துக்குப் போகிறது. விலை குறைந்த பல மாடல்களில் ஹெட்ரெஸ்ட் இருக்கையோடு சேர்ந்தே வருவதால், தண்டு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

காரின் மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்து, காரில் ஏற்கெனவே உள்ள பிடிப்புகளில் போல்ட் போட்டு முறுக்கும் எஃகுத் தடுப்புக்கே என் ஓட்டு. விலை அதிகம்தான், எல்லா மாடல்களுக்கும் கிடைப்பதும் இல்லை. ஆயினும் இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினால் அசையாமல் நிற்கும் வகை இதுவே. இதிலும் ஓர் எல்லை உண்டு. ஐ.நா.வின் 17ஆம் எண் வாகன விதிமுறை, பின்னிருக்கையின் முதுகை 18 கிலோ பெட்டிகள் இரண்டை வைத்துச் சோதிக்கிறது; அதற்கு மேலுள்ள தடுப்பைச் சோதிப்பதோ 10 கிலோ பெட்டியால். எனவே எந்தத் தடுப்பானாலும் பின்னிருக்கையை மடிக்காமல் நிமிர்த்தி வைத்து, நாயை அதை ஒட்டிப் படுக்கப் பழக்குவது அவசியம். தோள் வரைக்குமே 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் வரும் ராஜபாளையம் நாய் நின்றுகொண்டு வந்தால், மோதலில் தலையும் மார்பும் தடுப்பின் மீதே விழும்.

டிக்கி தனியாக உள்ள செடான் காருக்கும், டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் உள்ள காருக்கும் இந்தத் தடுப்புகள் பொருந்தா. அங்கே பின்னிருக்கையில் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸை சீட் பெல்ட்டோடு இணைப்பதே வழி. கழுத்துப்பட்டையில் மாட்டினால் கழுத்து முறியும் ஆபத்து உண்டு. எஸ்யூவி வைத்திருப்போர் ஏசி காற்று கம்பிகளைத் தாண்டி டிக்கி வரை போகிறதா என்பதை, மே மாத நண்பகலில் அங்கே கை வைத்துப் பார்த்துவிட்டே நாயை ஏற்ற வேண்டும்.