தரவு மையத்தில் டிசிடிசிபி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் தரவு மையத்தில் தேடல் சேவையும் பதிவுக் கோப்புகளின் பகுப்பாய்வும் ஒரே ரேக் சுவிட்சுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. நெரிசலுக்கு ஏற்ப அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசிபி முறைகளில், லினக்ஸில் இயல்பாக வரும் க்யூபிக்கை விட்டு, தரவு மையங்களுக்கென உருவான டிசிடிசிபிக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. தேடல் கோரிக்கைகளில் ஒரு சிறு பங்கு மட்டும் 200 மில்லி விநாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டதே மாற்றத்துக்குக் காரணம். பெற்றுக்கொண்டதற்கான பதில் வராதபோது, காலக்கெடு முடிந்து பாக்கெட்டை மீண்டும் அனுப்புவதற்கு முன் லினக்ஸ் இயல்பாகக் காத்திருக்கும் குறைந்தபட்ச நேரம் அதுதான் என்பதால், எங்கோ பாக்கெட்டுகள் கைவிடப்படுகின்றன என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கண்காணிப்புத் திரையில் பதில்கள் வந்து சேரும் சுவிட்ச் போர்ட் பாதிகூட நிரம்பியதாகக் காட்டவில்லை. பல சர்வர்கள் ஒரே கோரிக்கைக்கு ஒரே கணத்தில் பதில் அனுப்பும்போது எழும் இன்காஸ்ட் பெருக்கு சில மில்லி விநாடிகளில் அடங்கிவிடுகிறது. ஐந்து நிமிடச் சராசரியில் அதன் சுவடே இருக்காது.

பெரிய பஃபர் (பாக்கெட்டுகளை வரிசையில் தேக்கி வைக்கும் நினைவகம்) உள்ள சுவிட்சை வாங்கும்படி எங்களுக்கு முதலில் ஆலோசனை வந்தது. 10 ஜிகாபிட் போர்ட்டில் 10 மெகாபைட் வரிசை நின்றால், கடைசியில் நிற்கும் பாக்கெட் 8 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். இழப்பைத் தவிர்க்கத் தாமதத்தை விலைக்கு வாங்கும் வழி அது என்பதே இன்றும் என் கருத்து.

மைக்ரோசாஃப்ட், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட டிசிடிசிபி, வரிசையை நீளவே விடுவதில்லை. வரிசை ஒரு வரம்பைத் தாண்டியதும் சுவிட்ச் பாக்கெட்டில், நெரிசலை அறிவிக்கும் இசிஎன் குறி இடுகிறது. குறி பெற்ற பாக்கெட்டுகளின் விகிதத்தை அனுப்பும் சர்வர் 'ஆல்ஃபா' என்ற மதிப்பாகக் கணக்கிட்டு, அதற்கேற்ற அளவே வேகத்தைக் குறைக்கிறது. அந்த ஆய்வில் 10 ஜிகாபிட்டுக்கு எடுத்துக்கொண்ட வரம்பு 65 பாக்கெட். 1,500 பைட் பாக்கெட்டுகளாகக் கொண்டால், வரிசையில் காத்திருப்பு 80 மைக்ரோ விநாடிக்குள் அடங்கும். பகுப்பாய்வின் நீண்ட பரிமாற்றங்கள் பஃபரை அடைத்துக்கொள்ளாததால் தேடலின் குறும்பெருக்குகளுக்கு இடம் கிடைத்தது. 200 மில்லி விநாடிக் கூர்முனைகள் பெரும்பாலும் மறைந்தன; பகுப்பாய்வின் வேகமும் கண்ணுக்குத் தெரியும்படி குறையவில்லை.

தொல்லை கொடுத்தது அக்கம்பக்கப் போக்குவரத்துதான். இசிஎன் அறியாத பழைய சேமிப்புப் பெட்டி ஒன்று அதே வரிசையில் இருந்தது. மற்றவற்றின் பாக்கெட்டுகளுக்குக் குறி இடும் அதே வரம்பில் சுவிட்ச் அதன் பாக்கெட்டுகளைக் கைவிட்டதால், இரவு நேரக் காப்புப் பிரதி எடுக்கும் பணி தவழ்ந்தது. பாக்கெட்டின் வகையைச் சுட்டும் டிஎஸ்சிபி மதிப்பைக் கொண்டு அதைத் தனி வரிசைக்கு மாற்றிய பிறகே நிலைமை சீரானது. கூடுதல் ஏற்பாடுகள் இன்றி வெளி இணையத்தில் டிசிடிசிபியைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விவரிக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 8257 கூறுவதும் இத்தகைய ஒவ்வாமையால்தான். அதனால் நாங்கள் சர்வர் முழுவதற்கும் அதை இயல்பாக்காமல், உள் முகவரிகளுக்குச் செல்லும் பாதையில் (ரூட்) மட்டும் குறிப்பிடுகிறோம்.

பராமரிப்பில் நான் அதிகம் நம்புவது, ஒவ்வொரு இணைப்பின் ஆல்ஃபா மதிப்பையும் காட்டும் லினக்ஸின் 'எஸ்எஸ்' கட்டளையின் வெளியீட்டை. சுவிட்ச் மாற்றப்பட்ட ஒரு ரேக்கில், சுமை ஏறிய நேரத்திலும் ஆல்ஃபா சுழியமாகவே நின்றது. புதிய சுவிட்சில் குறியிடல் இயக்கப்படவே இல்லை. டிசிடிசிபி எந்தப் புகாரும் எழுப்பாமல், பாக்கெட் இழப்பை மட்டும் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. இப்போது சுமையுள்ள ரேக்கில் ஆல்ஃபா தொடர்ந்து சுழியமாக இருந்தால் எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறோம். இத்தகைய கோளாற்றைப் பயன்பாட்டு வரைபடம் ஒருபோதும் காட்டாது.

நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒரே சமயத்தில் பதில் அனுப்பும்போது டிசிடிசிபியும் கைவிரிக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு இணைப்பும் முதல் சுற்றிலேயே பத்துப் பாக்கெட் வரை அனுப்பலாம். குறி திரும்பிச் சேர்வதற்குள் பஃபர் நிரம்பிவிடுகிறது. அங்கே பயன்பாட்டு நிரலிலேயே கோரிக்கைகளைச் சற்று முன்பின்னாகச் சிதறவிட்டோம். ஒரு சர்வரின் நினைவகத்தை இன்னொன்று நேரடியாக அணுகும் ஆர்டிஎம்ஏ முறையைப் பயன்படுத்தும் கிளஸ்டர்களுக்கு டிசிக்யூசிஎன் போன்ற வேறு நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் உண்டு. அவை எங்களிடம் இல்லை.

தற்போது ரேக்குகள் ஒவ்வொன்றாக 25 ஜிகாபிட்டுக்கு மாறி வருகின்றன. போர்ட்டின் வேகமும் சுற்றுப்பயண நேரமும் சேர்ந்தே குறியிடல் வரம்பை முடிவு செய்வதால், 65 என்ற எண்ணை அப்படியே எடுத்துச் செல்லாமல் ஒவ்வொரு ரேக்கிலும் அளந்து பார்த்தே உயர்த்துகிறோம்.