ரெஸ்டோர் பண்றோம்னு வாங்கி ராலிவுல்ஃப் டிரில்லோட ஆர்மேச்சரையே, அதான் மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்தையே, உருவிட்டாங்க, பழைய டூல்ஸ் வச்சிருக்கவங்க உஷார்

பழைய பவர் டூல் வச்சிருக்கவங்க, அதுலயும் இரும்பு இல்லன்னா அலுமினிய பாடி போட்ட பழைய டிரில், கிரைண்டர் மாதிரி ஐட்டம் வச்சிருக்கவங்க, "ஃபுல் ரெஸ்டோரேஷன் பண்ணித் தர்றோம்"னு ரீல்ஸ் போடுற ஆளுங்ககிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவ படிச்சிருங்க. கடை பேர் போடல, போட்டா அது வேற தலைவலி. கோயமுத்தூர் பக்கம்னு வச்சுக்கோங்க. மோட்டார் வைண்டிங்குக்கு, அதான் காயில் கம்பி சுத்துற வேலைக்கு, பேர் போன ஊர்லயே இப்படின்னா பாத்துக்கோங்க.

என்னுது ராலிவுல்ஃப் கம்பெனியோட அரை இன்ச் ஹெவி டூட்டி டிரில். அப்பா இரும்பு கேட், கிரில் செய்யுற பட்டறை வச்சிருந்தப்ப வாங்கினது. முழுக்க அலுமினிய காஸ்டிங், பின்னாடி பிடி, சைடுல திருகி மாட்டுற கம்பி பிடி, தூக்கினாலே தோள்பட்டை வலிக்கும். ஆனா இரும்பு சேனல்ல அரை இன்ச் ஓட்டை போட அதை அடிச்சுக்க ஆள் கிடையாது, இப்ப வர்ற சின்ன டிரில்லுங்க திணறி நிக்கிற இடத்துல இது மெதுவா சுத்திக்கிட்டே உள்ள எறங்கிரும், பிட்டு மாட்டிக்கிச்சுன்னா நம்ம கைய முறுக்கிட்டு போயிரும், அவ்ளோ இழுவை.

அதுல இருந்த கம்ப்ளைன்ட் ரொம்ப சாதாரணம். கார்பன் பிரஷ் (ஆர்மேச்சருக்கு கரண்ட் குடுக்குற கரித்துண்டு) கிட்ட நெருப்புப் பொறி அதிகமா வந்துச்சு, கியர் பாக்ஸ்ல இருந்து கிரீஸ் கசிஞ்சுச்சு, பேரிங் சத்தம். இந்த மாதிரி மோட்டார் தெரிஞ்சவங்களுக்கு சொல்லவே வேண்டாம், கம்யூட்டேட்டர்ல, அதான் ஆர்மேச்சர்ல பிரஷ் உரசுற உருளைல, செம்புப் பட்டைக்கு நடுவுல கரண்ட் கடத்தாத மைகா தகடு இருக்கும், ஓட ஓட செம்பு தேயும் ஆனா மைகா அவ்ளோ சீக்கிரம் தேயாது, அது மேல தூக்கிட்டு நிக்கிறதால பிரஷ் குதிச்சு குதிச்சு ஓடும், அதான் பொறி. லேத்துல மாட்டி செம்ப மேலாக்க லைட்டா கடைஞ்சு எடுத்து, மைகாவ செம்பு மட்டத்துக்கு கீழ அறுத்து விட்டு, புது பிரஷ் போட்டு, ரெண்டு பேரிங் மாத்தி, பழைய கிரீஸ மண்ணெண்ணெய்ல கழுவி புது கிரீஸ் வச்சா முடிஞ்சது. வைண்டிங்ல கை வைக்கவே வேண்டாம். குடுக்கும்போதே இதை அந்த கடைக்கார தம்பிகிட்ட தெளிவா சொன்னேன். "அண்ணா நீங்க கவலையே படாதீங்க, புதுசு மாதிரி வரும்"னாரு. 6,500 ரூபா பேசி பாதி அட்வான்ஸ் ஜிபேல போட்டேன்.

புதுசு மாதிரி தான் வந்துச்சு. கரும்பச்சை கலர்ல பவுடர் கோட்டிங், ஸ்குரூ எல்லாம் பளபளன்னு, பிடிக்கு கருப்பு பெயின்ட்டு. முதல்ல வயித்துல அடிச்சது நேம் பிளேட். அப்பா காலத்துல இருந்து பாத்த பிளேட்டு, அதுல சீரியல் நம்பர், வாட்ஸ், ஆர்பிஎம் எல்லாம் இருந்துச்சு. பஃபிங் வீல்ல வச்சு தேச்சதுல எல்லாம் அழிஞ்சு சில்வர் தட்டு மாதிரி ஆயிருச்சு, அது மேல கம்ப்யூட்டர்ல அடிச்ச ஸ்டிக்கர் ஒன்னு, "வின்டேஜ் 1905"னு. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. கையில புடிச்சு ஓட்டுற கரண்ட் டிரில்லே 1895ல ஜெர்மனி ஸ்டுட்கார்ட்ல ஃபைன் கம்பெனிக்காரங்க செஞ்சது, துப்பாக்கி மாதிரி பிடி வச்சு விரல்ல அமுக்குற ஸ்விட்ச் வச்ச டிசைனுக்கு பிளாக் அண்ட் டெக்கர் பேட்டன்ட் வாங்கினதே 1917ல. பாம்பேல செஞ்ச ராலிவுல்ஃப்க்கு 1905னு ஸ்டிக்கர் ஒட்டுறவனுக்கு டூல பத்தி என்ன தெரிஞ்சிருக்கும்னு அங்கயே புரிஞ்சிருச்சு. இதே ஸ்டிக்கர ஒட்டித்தான் அவங்க மத்த டூல்ஸ ஆன்டிக்னு சொல்லி விக்கிறாங்கன்னு அப்புறமா தெரிஞ்சுது.

சரி ஸ்டிக்கர் போனா போகுது, ஓட்டிப் பாப்போம்னு பட்டறைல பிளக்க சொருகி சைடு கம்பி பிடிய புடிச்சேன். விர்ருனு கையில ஒரு கிறுகிறுப்பு. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால அதோட போச்சு. ஸ்விட்ச்சக்கூட அமுக்கல. சந்தேகத்துல டிரில்ல அப்படியே இரும்பு டேபிள் மேல வச்சேன், சக், அதான் பிட்டு மாட்டுற வாய், டேபிள்ல பட்ட நொடி மொத்த பட்டறையும் ஆஃப். கரண்ட் கசிஞ்சா லைன கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி போட்டிருக்கேன், டேபிளுக்கு எர்த் இருக்கு, அது ட்ரிப் அடிச்சது. அது ரெண்டும் இல்லாத வீட்டுல, ஈரத் தரையில வெறுங்காலோட யாராவது இதை புடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது.

கணபதில ஒரு வைண்டிங் கடை, அய்யா ஒருத்தர் ரொம்ப வருஷமா பாக்குறாரு, அவருகிட்ட எடுத்துட்டு போனேன். மெகர் (இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு பாக்குற மீட்டர்) வச்சு ஒயருக்கும் பாடிக்கும் நடுவுல அடிச்சுப் பாத்தா முள்ளு ஜீரோவ விட்டு நகரவே இல்ல. "ஏங்க கண்ணு, இதை யாரு கையில குடுத்த"ன்னாரு. பின்னாடி மூடிய கழட்டினா, ஸ்விட்ச்சுக்கு போற ஃபேஸ் ஒயர் மூடி விளிம்புல நசுங்கி, இன்சுலேஷன் கிழிஞ்சு செம்பு பாடில உக்காந்திருக்கு. சரி, எர்த் ஒயர் எங்கன்னு பாத்தா, இல்லவே இல்ல. நான் குடுத்தப்ப மூணு கோர் ரப்பர் கேபிள் இருந்துச்சு, பச்சை ஒயர் பாடில ஸ்குரூ போட்டு டைட் பண்ணியிருக்கும். அதை தூக்கிப் போட்டுட்டு ரெண்டு கோர் பிவிசி ஒயர் போட்டிருக்காங்க, ஆனா பிளக் மட்டும் மூணு பின் பிளக்! வெளிய இருந்து பாக்குறவனுக்கு எர்த் இருக்குன்னு தான் தோணும். எர்த் ஸ்குரூ இருந்த ஓட்டைக்குள்ள எல்லாம் பவுடர் கோட்டிங் ஏறியிருக்கு, இனிமே அங்க பச்சை ஒயர் போட்டாலும் பெயின்ட்ட சுரண்டி வெறும் உலோகம் தெரிஞ்சா தான் எர்த் ஆகும். பேரிங் உக்கார்ற குழியையும் மறைக்காம கோட்டிங் அடிச்சு, அப்புறம் பேரிங் எறங்கலன்னு அரம் வச்சு கோணல் மாணலா தேச்சிருக்காங்க.

இதெல்லாம் வேலை தெரியாத்தனம்னு விட்டுரலாம். அடுத்தது திருட்டு.

அய்யா ஆர்மேச்சர வெளிய எடுத்து திருப்பித் திருப்பி பாத்துட்டு என் கையில குடுத்தாரு. எங்க ஆர்மேச்சர் ஷாஃப்ட்ல, பேரிங் பக்கத்துல, சென்டர் பஞ்ச்ல அடிச்ச ரெண்டு புள்ளி இருக்கும், அப்பா அடிச்சது. கடைக்கு போற எந்த மோட்டார்லயும் அடிச்சிருவாரு. இதுல புள்ளி இல்ல. தகட்டு அடுக்கு, அதாங்க லேமினேஷன், ஃபீல்டு காயில் (ஆர்மேச்சர சுத்தி அசையாம நிக்கிற காயில்) நீளத்துக்கு இல்லாம குட்டையா இருந்துச்சு. காத்து அடிக்கிற அலுமினிய ஃபேனுக்கு பதிலா பிளாஸ்டிக் ஃபேன். செவப்பு வார்னிஷ் மட்டும் சொட்ட சொட்ட ஊத்தியிருக்காங்க. அய்யா ஒரு ஓரத்துல கம்பிய பிளேடால லேசா சொரண்டினாரு, உள்ள வெள்ளையா பளிச்னு தெரிஞ்சுது, செம்பு இல்ல, அலுமினியம். அதே தடிமனுக்கு அலுமினியக் கம்பி செம்ப விட கிட்டத்தட்ட 1.6 மடங்கு ரெசிஸ்டன்ஸ், லோடு குடுத்தா சூடு ஏறி வார்னிஷ் கருகும். அப்புறம் ஷாஃப்ட் முனையில இருக்கிற பினியன், அதாங்க சின்ன கியர், அதோட பல்லுல சின்ன அரம் ஒன்ன வச்சு ஒரு இழு இழுத்தாரு. ஒரிஜினல்னா ஹார்டனிங் பண்ணி கெட்டியாக்கியிருப்பான், அரம் வழுக்கிட்டு போகும். இதுல வெண்ணெய் மாதிரி எடுத்துச்சு. பத்து சேனல் ஓட்டை போட்டா பல்லு காலி, கூடவே உள்ள இருக்கிற ஒரிஜினல் பெரிய கியரையும் தின்னுரும்.

எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டு மாத்துறாங்கன்னு கேட்டேன். இந்த மாடலுக்கு ஒரிஜினல் ஆர்மேச்சர் லேசுல கிடைக்காது, அதனால நல்லா இருக்கிறத உருவி வேற ஆளுக்கு ஸ்பேரா நல்ல விலைக்கு வித்துருவாங்க, நம்மளுதுக்கு லோக்கல் மால். வீடியோல டிரில் விர்ருன்னு ஓடினா போதும்ல. லோடு இல்லாம ஓடுறதுக்கு எந்த ஆர்மேச்சரும் ஓடும்.

கடைக்கு திரும்ப போனேன். முதல்ல "அண்ணா அதே ஆர்மேச்சர் தான்"னாரு. பஞ்ச் புள்ளி தெரியுற பழைய ஃபோட்டோவ காட்டினேன், போன தடவ நானே பிரஷ் மாத்தினப்ப எடுத்தது. உடனே பேச்சு மாறிருச்சு, "உங்களுது ஷார்ட் ஆயிருந்துச்சு, அதான் மாத்தினோம், சொல்ல மறந்துட்டோம்". சரி அந்த ஷார்ட் ஆன ஆர்மேச்சர குடுங்கன்னா ஸ்கிராப்ல போட்டாச்சாம். எர்த் எங்கன்னு கேட்டதுக்கு வந்த பதில் தான் உச்சம்: "இப்ப வர்ற டிரில் எல்லாமே ரெண்டு ஒயர் தான சார்." அண்ணா போய் சார் ஆயிருச்சு. இப்ப வர்ற டிரில்லு பிளாஸ்டிக் பாடி, டபுள் இன்சுலேஷன், பிளேட்டுல சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருப்பான், அதுக்கு எர்த் தேவையில்ல. உலோக பாடிக்கு ரெண்டு ஒயர் போடுறது ஆளக் கொல்ற வேலை. இது தெரியாம ஒருத்தர் கடை போட்டு ஊர்ல இருக்கிற பழைய டூலெல்லாம் வாங்கி வாங்கி இப்படி திருப்பிக் குடுத்துட்டு இருக்காரு. ஏற்கனவே அங்க குடுத்து வாங்கி வீட்டுல வச்சிருக்கவங்க, தயவுசெஞ்சு ஓட்டாதீங்க, முதல்ல பிளக்க கழட்டி உள்ள எத்தன ஒயர் வந்திருக்குன்னு பாருங்க. பச்சை இருந்தாலும் மல்டிமீட்டர்ல எர்த் பின்னுக்கும் சக்குக்கும் கன்டினியுட்டி வருதான்னு பாருங்க, பீப் வரலன்னா தொடாதீங்க.

இனிமே குடுக்குறவங்க, ஆர்மேச்சர், ஃபீல்டு, கியர் எல்லாத்தையும் கழட்டி ஃபோட்டோ எடுத்துக்கோங்க, ஷாஃப்ட்ல ஒரு மார்க் போடுங்க, பேரிங் உக்கார்ற இடத்துல மட்டும் போட்டுறாதீங்க. கழட்டின பழைய பார்ட்ஸ் அத்தனையும் திருப்பி வேணும்னு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க, இதுக்கு யோசிக்கிற கடைன்னா அப்படியே தூக்கிட்டு வந்துருங்க. பெயின்ட் கடைசி வேலை. உள்ள வேலை முடிஞ்சு, மெகர் ரீடிங் காட்டி, நிஜமா இரும்புல ஓட்டை போட்டுக் காட்டின பிறகு தான் பெயின்ட்ட பத்தி பேசணும். நேம் பிளேட்ட நீங்களே கழட்டி வீட்டுல வச்சிருங்க, என்ன மாதிரி மொட்டைத் தட்ட வாங்கிட்டு வராதீங்க.

காசு விஷயம், பாக்கி பாதிய நான் குடுக்கல, அட்வான்ஸ் திரும்ப வரல. பில் கேட்டதுக்கு வெள்ளை பேப்பர்ல "டிரில் சர்வீஸ்"னு எழுதிக் குடுத்தாங்க, ஆனா ஜிபே ரெக்கார்டும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கு. 1915ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் பதிஞ்சாச்சு. சரி வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் தான், அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா மனுவுக்கு ஃபீஸ் கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். பாதிக்கப்பட்ட வேற யாராவது இருந்தா நீங்களும் போடுங்க, ஒரே கடை மேல நாலு புகார் விழுந்தா தான் அசைவாங்க.

டிரில் இப்ப அய்யா கடைல தான் கிடக்கு. ஃபீல்டு காயில் ஒரிஜினல், அதுவரைக்கும் சாமி புண்ணியம். மூணு கோர் கேபிள் போட்டு, எர்த் ஸ்குரூ இடத்த சுரண்டி ரெடி பண்ணிட்டாரு, பேரிங் குழிக்கு ஆவாரம்பாளையத்துல ஒரு லேத்துல புஷ் (உள்ள எறக்குற வளையம்) அடிக்க குடுத்திருக்கு. ஆர்மேச்சர் தான் பாக்கி. அரை இன்ச் ராலிவுல்ஃப் ஹெவி டூட்டியோடது, எரிஞ்சு போனதா இருந்தாலும் பரவால்ல, ஷாஃப்ட்டும் பினியன் பல்லும் நல்லா இருந்தா போதும், செம்புக் கம்பில ரீவைண்ட் பண்ணித் தர்றேன்னு அய்யா சொல்லிட்டாரு. யாரு பட்டறைலயாவது மூலைல கிடந்தா சொல்லுங்க, நேர்ல வந்து காசு குடுத்து எடுத்துக்கறேன்.