தண்டனைப் பெட்டியா, அட்டையா?

ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் ஐஸ் ஹொக்கி பற்றிக் கதைக்கும்போது, குருநகர், பாசையூர்ப் பக்கம் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த எங்களுக்குப் புதிதாகத் தெரிவது அந்தத் தண்டனைப் பெட்டிதான்.

உதைபந்தாட்டத்தில் மஞ்சள் அட்டை ஓர் எச்சரிக்கை மட்டுமே. சட்டையைப் பிடித்து இழுத்தவர் தொடர்ந்து ஆடுவார். சிவப்பு என்றால் நேர்மாறு: 10ஆவது நிமிடத்தில் காட்டினாலும் கடைசிவரை பத்துப் பேர்தான். ஆட்டமே அதோடு செத்துப்போகும்.

ஹொக்கியில் இடைவழி உண்டு. மட்டையால் காலைத் தட்டி விழுத்தியவர் 2 நிமிடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குந்தியிருக்க வேண்டும். அவரது அணி, கோல்காப்பாளரைத் தவிர்த்து, ஐந்து பேருக்கு எதிராக நாலு பேரோடு தடுமாறும். எதிரணி அதற்குள் கோல் போட்டால் அவர் உடனே களத்துக்குத் திரும்பலாம். பெரிய குற்றத்துக்கு 5 நிமிடம். அதில் எத்தனை கோல் விழுந்தாலும் விடுதலை இல்லை. கோல்காப்பாளர் தவறு செய்தாலோ, சக வீரர் ஒருவர்தான் பெட்டிக்குப் போவார்.

என்னைக் கேட்டால் பெட்டிதான் நியாயம். அடிபட்ட அணிக்கு அந்த ஆட்டத்திலேயே பலன் கிடைக்கிறது. மஞ்சளுக்குத் தற்காலிக வெளியேற்றத்தை அடிமட்ட, இளையோர் போட்டிகளில் உதைபந்தாட்ட விதிகளும் அனுமதிக்கின்றன. சரி, எங்கள் ஊர்க் கழகங்களும் ஒரு தொடரிலாவது அதைச் செய்து பார்க்கட்டும்.