இலவச நாளா, டிக்கெட் நாளா? கிருஷ்ணகிரியிலிருந்து ஓவியம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்குப் பெரிய கலைக்கூடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெங்களூருதான். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காலையில் போய் இரவு வீடு திரும்பிவிடலாம். சென்னை எழும்பூருக்கு அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் போக வேண்டும். அதனால் "இன்ன தேதியில் அனுமதி இலவசமாம்" என்று வாட்ஸப்பில் செய்தி வந்தால் அது பெரும்பாலும் பெங்களூரைப் பற்றியதாகவே இருக்கும்.

செய்தியைப் பார்த்ததும் கிளம்புகிறவர்கள் முதலில் பஸ் கட்டணத்தைக் கணக்குப் போட வேண்டும். நான்கு பேர் பெங்களூரு போய்வர ஆகும் பஸ் காசு, அங்கே ஏறும் ஆட்டோ, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நுழைவுச் சீட்டுதான் அதில் சின்னச் செலவாக இருக்கும். அரண்மனைச் சாலையில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் இந்தியர்களுக்குக் கட்டணம் 20 ரூபாய். நான்கு பேருக்கு 80. ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆளுக்கு ஒரு காபியும் வடையும் சாப்பிட்டால் கிட்டத்தட்ட அதே காசு. இந்த 80 ரூபாயை மிச்சம் பிடிக்கக் கூட்ட நாளைத் தேடிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கஸ்தூர்பா சாலையில் உள்ள கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்தின் கதை வேறு. எல்லோரும் சுருக்கமாக 'மேப்' என்பார்கள். 2023 பிப்ரவரியில் திறந்தது. தனியார் அறக்கட்டளை நடத்துவதால் வழக்கமான கட்டணம் அரசு கலைக்கூடத்தைப்போலப் பல மடங்கு. அதனால் இங்கே செவ்வாய்க்கிழமையில் தரும் இலவச அனுமதிக்கு அர்த்தம் இருக்கிறது. எந்தச் செவ்வாய், எந்த நேரம், எந்தக் கண்காட்சிக்குத் தனிக் கட்டணம் என்பதெல்லாம் மாறும் விஷயங்கள். முந்தின நாள் அவர்கள் இணையதளத்தைப் பார்த்துவிட்டு, முன்பதிவு இருந்தால் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய வாட்ஸப் செய்தியை நம்பி எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்ட வேண்டாம்.

இந்த இரண்டையும்தான் முதலில் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

'மேப்' கட்டடம் வெளியிலிருந்து பார்த்தால் எஃகுத் தகடு போர்த்திய பெரிய தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கும். வேண்டுமென்றே அப்படிக் கட்டியது. உள்ளே 60,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட சேகரிப்பு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்ட மாட்டார்கள், கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஜாமினி ராய் போன்றவர்களின் ஓவியங்கள் ஒரு பக்கம். பழைய சினிமா போஸ்டர், துணி, காலண்டர் படம், புகைப்படம் இன்னொரு பக்கம். "ஓவியமெல்லாம் நமக்கு என்ன புரியும்" என்று தயங்குகிறவர்களைக் கூட்டிப்போக இதுவே நல்ல இடம் என்பேன். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் பெண்கள் சுவரிலும் தரையிலும் போட்ட கோலங்களை ஜோதி பட் பல ஆண்டுகள் படமெடுத்தார். திறப்பு விழாக் கண்காட்சிகளில் அவருடைய படங்களுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிற அம்மாவுக்கு அந்தப் படங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்தான் நமக்கு விளக்குவார்.

சரி, சிக்கல் என்ன? செவ்வாய் என்பது வேலை நாள். ஒருவர் லீவு போட வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். அவருக்கு அந்த 'இலவசம்' டிக்கெட்டைவிட விலை அதிகம். பள்ளி விடுமுறையில் போகலாம் என்றால் பெங்களூரே அன்று அங்கே வந்து நிற்கும். இதற்கு எல்லை மாவட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு சந்து உண்டு. கர்நாடகப் பள்ளிகள் பெரும்பாலும் மே கடைசியில் திறந்துவிடும். நம் பள்ளிகள் ஜூனில்தான் திறக்கும். நடுவில் ஒரு செவ்வாய் மாட்டினால், அங்கத்திய பிள்ளைகள் வகுப்பில் இருக்க, நம் பிள்ளைகள் ஓவியத்தின் முன்னால் நிற்கலாம். எல்லா வருடமும் அமையாது. அமைந்தால் விடாதீர்கள்.

தேசிய நவீன கலைக்கூடத்தின் பலம் அமைதி. டெல்லி, மும்பைக்கு அடுத்து மூன்றாவதாக 2009-இல் பெங்களூரில் திறந்தார்கள். மாங்கனீசு, குரோமியச் சுரங்கத் தொழிலில் பணம் பார்த்த மாணிக்கவேலு முதலியார் வாங்கி வாழ்ந்த மாளிகை அது; பழைய வீட்டோடு புதுக் கட்டடத்தைச் சேர்த்திருக்கிறார்கள். சுற்றிலும் பெரிய பெரிய மரங்கள். ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், தாகூர் குடும்பத்தார், நந்தலால் போஸ் என்று பாடப்புத்தகத்தில் தபால் தலை அளவில் பார்த்த பெயர்களை இங்கே சுவரில் பார்க்கலாம். வார நாள் முற்பகலில் போனால் ஒரு படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் பின்னாலிருந்து யாரும் நெருக்க மாட்டார்கள். இலவச நாள் கூட்டத்தில் நடக்காத காரியம் இது. அங்கே முன்னால் இருப்பவர் செல்ஃபி எடுத்து முடித்ததும் அவருக்குப் பின்னால் இருப்பவர் ஆரம்பிப்பார். படத்தில் உள்ள ராணி பாவம், எத்தனை பேருக்குத்தான் முகம் கொடுப்பாள்.

இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இதை மறந்து போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

போகிற வழியிலும் வித்தியாசம் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, பஸ்தான். தருமபுரிக்காரர்கள் ஓசூர் வழியாகப் போகும் ரயிலைப் பிடிக்கலாம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து மஞ்சள் தட மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து நம் பக்கத்து ஆட்களுக்குப் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் கட்டாயமில்லை. பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடம், மெஜஸ்டிக்கில் ஊதாத் தடம் என்று இரண்டு முறை மாறி கப்பன் பார்க்கில் இறங்கினால் 'மேப்' பக்கம்தான். நவீன கலைக்கூடத்துக்கு மெஜஸ்டிக்கிலேயே இறங்கி ஆட்டோ பிடிப்பது சுலபம்.

மூன்றாவதாகச் சித்திரச் சந்தை. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாரகிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை அமைப்பு ஆண்டுதோறும் நடத்திவருகிறது. நுழைவுக் கட்டணமே கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் நடைபாதையில் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்; தமிழ்நாட்டிலிருந்தும் போகிறார்கள். ஞாயிறு என்பதால் லீவுப் பிரச்சினை இல்லை. இதை அருங்காட்சியகத்தோடு ஒப்பிடுவது முழுக்க நியாயம் இல்லைதான். ஆனாலும் வரையும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு, செத்துப்போன மேதையின் படத்தைவிட, "இதுக்கு என்ன பெயிண்ட் அங்கிள்?" என்று கேட்டால் பதில் சொல்கிற ஓவியர் அதிகம் கற்றுக்கொடுப்பார். கூட்டம் தேர்த் திருவிழாவை மிஞ்சும். முட்டி வலி உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள். போகிறவர்கள் காலையிலேயே போய், வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைக் கலையின் தரத்தில் இந்தப் பட்டியலில் எதுவும் நெருங்காது. 1851-இல் தொடங்கியது. திருவெண்காட்டு அர்த்தநாரியும் திருவாலங்காட்டு நடராசரும் இருக்கும் செப்புத் திருமேனிக் கூடம் ஒன்றுக்காகவே போகலாம். தகடூர் என்று அழைக்கப்பட்ட நம் தருமபுரிப் பகுதியை 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட நுளம்பர் காலச் சிற்பங்களும் அங்கே உண்டு. ஆனால் ஒரே நாளில் போய்வருவது தண்டனை. உறவுக்காரர் கல்யாணம், கவுன்சிலிங், ஆஸ்பத்திரி என்று எப்படியும் சென்னைக்குப் போகும்போது அரை நாள் ஒதுக்குங்கள். இலவச நாள் பார்த்துப் போகிற இடம் இல்லை இது. வெள்ளிக்கிழமை மட்டும் மூடியிருக்கும்.

அப்புறம் உள்ளூர். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் 1993-இல் தொடங்கியது; கட்டணம் சில்லறைக் காசு. மே 18 உலக அருங்காட்சியக நாளில் போனால் ஏதாவது விழா நடக்கலாம். அதைவிட ஒரு சாதாரணப் புதன்கிழமை நல்லது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் மகளிர் விடியல் பயண டவுன் பஸ்ஸில் வந்தால் பஸ் செலவும் இல்லை. இங்கே சொன்ன எல்லாவற்றிலும் மலிவான பயணம் அதுதான். நடுகற்கள் நம் பகுதியின் சொத்து. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வட்டெழுத்து பொறித்தவையும் உண்டு. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் கையில் வில்லோடு கல்லில் நிற்பான். தருமபுரிவரை போனவர்கள் கோட்டைக் காமாட்சி கோயிலையும் எட்டிப் பாருங்கள்; அடித்தளத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் குதிரைமேல் இருந்து மோதும் இருவரை வெள்ளை நிறத்தில் வரைந்திருப்பதற்கு டிக்கெட்டே இல்லை. பாறைமேல் ஏறத் தெம்பு வேண்டும், அவ்வளவுதான்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கலைக்கூடம் பார்க்கிற குடும்பம் என்றால் சனிக்கிழமை காலை, 20 ரூபாய் கொடுத்து, நவீன கலைக்கூடம். கல்லூரிப் பிள்ளைகள், ஷிப்டு முறையில் வேலை பார்த்து வார நாளில் ஆஃப் கிடைக்கிற ஓசூர் தொழிற்சாலைக்காரர்கள் தாராளமாக 'மேப்' இலவசச் செவ்வாயைப் பிடிக்கலாம். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் நெரிசல். வயதானவர்களோடு போனாலும் எனக்கு 'மேப்'தான் தோன்றுகிறது, ஆனால் காசு கொடுத்து, இலவசம் இல்லாத ஒரு வார நாளில். லிஃப்ட், சக்கர நாற்காலி ஏற்பாடுகளை அங்கே யோசித்துச் செய்திருக்கிறார்கள், கூட்டமில்லாத நாளில்தான் அவற்றால் முழுப் பலன்.